விகிதத்தை விடுங்கள், மொத்தத்தைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கு,

உங்கள் இந்த ஆண்டு நிலைத்தன்மை அறிக்கையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணில் படாதது இரண்டாம் முறை பட்டது. பின்பகுதியில், ஓர் அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. 2030-க்குள், புவியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்த உமிழ்வைப் பாதியாகக் குறைப்போம் என்று நீங்கள் கொடுத்த வாக்கு இனி நடைமுறையில் இல்லை என்கிறது அது. ஈட்டும் வருவாய்க்கு இத்தனை உமிழ்வு என்ற விகிதத்தைக் குறைப்பதுதான் புதிய இலக்காம். காரணம், வணிகத்தின் வளர்ச்சி. வாக்குக் கொடுத்த நாளில் மேடை போட்டு அறிவித்தீர்கள். திரும்பப் பெற்றதை அடிக்குறிப்பில் முடித்துக்கொண்டீர்கள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து அனுப்பும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகளாக எரிபொருள், மின்சாரக் கணக்கைப் பார்த்துவருகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே போன்ற அடிக்குறிப்பைத் தங்கள் அறிக்கையில் வைத்திருக்கும் மற்றப் பெருநிறுவனங்களின் இயக்குநர்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விகிதம் குறைவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். சிக்கனமாக எரிப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்று 100 டன் உமிழும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் அதன் வணிகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அதற்குள் விகிதத்தை 40 சதவீதம் குறைத்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அதுவே கடும் உழைப்பு. அப்போதும் மொத்த உமிழ்வு 118 டன்னாக ஏறித்தான் இருக்கும். அறிக்கையின் அட்டையில் 40 சதவீதம் குறைவு என்று வரும். வானத்தில் 18 டன் கூடுதலாகச் சேரும்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்துவருகிறார்கள். தொடங்கியபோது பத்து லட்சம் பங்குக்கு 315 பங்கு அளவில் இருந்தது. 2024-இன் ஆண்டுச் சராசரி 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கருவிக்கு உங்கள் வருவாய் எவ்வளவு என்று தெரியாது. வந்து சேர்ந்ததை மட்டுமே அது எண்ணுகிறது. வந்து சேர்ந்ததில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கிவிடும். புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2010-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் உமிழ்வதும் அகற்றுவதும் சமமாகும் நிகர பூஜ்ஜியத்தைத் தொட வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018-இல் சொன்னதும் மொத்தத்தைப் பற்றித்தான். உங்கள் பழைய இலக்கே அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. இலக்கு அறிவித்த ஆண்டின் அறிக்கையில் நீங்களே அதை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நீராவி இயந்திரங்கள் சிக்கனமாக ஆக, பிரிட்டன் எரிக்கும் நிலக்கரி கூடிக்கொண்டே போவதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலறிஞர் 1865-இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். ஒன்றை மலிவாகச் செய்ய முடிந்தால் அதை அதிகமாகச் செய்வார்கள்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஜெனரேட்டர் அறையில் ஆணியில் மாட்டிய கணக்கேடு ஒன்று உண்டு. அட்டை எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஆபரேட்டர் அளவுகோலை டேங்கில் விட்டு எடுத்து, ஈரம் ஏறியிருக்கும் கோட்டைப் பார்த்து, எத்தனை லிட்டர் குறைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மாதக் கடைசியில் நான் அதைக் கூட்டி, லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பெருக்குவேன். ஒரு கிலோகூட எடை இல்லாத டீசல் எப்படி இரண்டரைக் கிலோவுக்கு மேல் வாயுவாகும் என்று அவர் ஒருமுறை கேட்டார். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்கிறது என்று விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். அன்றிலிருந்து அரை லிட்டரைக்கூட விடாமல் எழுதுகிறார்.

இந்த எண்களும் மின்மீட்டர், பாய்லர் எண்களும் ஆண்டுதோறும் உங்கள் படிவத்தில் ஏறுகின்றன. நிறுவனங்கள் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிட உலகெங்கும் பின்பற்றும் நெறிமுறை 2001-இல் வெளிவந்தது. சொந்தமாக எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் பொருள், சரக்குப் போக்குவரத்து, விற்ற பொருளைப் பயன்படுத்தும்போது எழும் புகை என்று 15 வகைகளாக மீதி எல்லாம் ஸ்கோப் 3. எங்கள் ஜெனரேட்டர் எரிக்கும் டீசல் எங்களுக்கு ஸ்கோப் 1, உங்களுக்கு ஸ்கோப் 3. பெரும்பாலான பெருநிறுவனங்களின் உமிழ்வில் பெரும்பகுதி இந்த மூன்றாவதில்தான் கிடக்கிறது. ஆகவே எங்கள் டேங்கில் இறங்கும் அளவுகோல் உங்கள் இலக்கின் நடுவில் நிற்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஆலோசகர் ஓர் எக்செல் தாளைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினார். எங்கள் வரிசையில் இருந்தது நான் அனுப்பிய எண் இல்லை. கட்டத்தைச் சொடுக்கிச் சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன். எங்களுக்கு அந்த ஆண்டு கொடுத்த தொகையைத் தொழில்துறைச் சராசரி ஒன்றால் பெருக்கியிருந்தார்கள். அதே ஆண்டில் உங்கள் கொள்முதல் துறை எங்கள் விலையை 6 சதவீதம் குறைத்திருந்தது. ஆகவே உங்கள் தாளில் எங்கள் உமிழ்வும் 6 சதவீதம் குறைந்துவிட்டது. பொருளின் எண்ணிக்கை மாறவில்லை. மின்வெட்டு அதிகமாக இருந்ததால் டீசல் செலவு உண்மையில் கூடியிருந்தது. நாங்கள் குறைவாகச் சம்பாதித்தது, உங்கள் கணக்கில் நாங்கள் குறைவாகப் புகைவிட்டதாக ஆகிவிட்டது.

கையில் வேறு தகவல் இல்லாதபோது செலவை வைத்து மதிப்பிட நெறிமுறை இடம் தருகிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் தகவல் இருந்தது. நான் அனுப்பியிருந்தேன். திருத்தம் கேட்டு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். எல்லா வழங்குநர்களுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதால் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அறிக்கை வெளியானபோது, வழங்குநர்களோடு இணைந்து பணியாற்றியதன் பலன் என்ற தலைப்பின்கீழ் அந்தக் குறைவும் கூட்டப்பட்டிருந்தது. ஆபரேட்டரிடம் சொன்னேன். “நான் எரித்ததை எரித்தேன் என்றுதான் எழுதினேன். அங்கே போனதும் எப்படிக் குறைந்தது?” என்று கேட்டார். அவருக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

அடுத்தது பாய்லர். எங்களுக்குத் தேவைப்படுவது கழுவும் தொட்டிகளுக்கான சுடுநீர். அவ்வளவு பெரிய வெப்பம் இல்லை. சுற்றுப்புறத்தின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் மின்சார வெப்ப பம்ப் வைத்தால் எண்ணெய் எரிக்கும் பாய்லரையே நிறுத்திவிடலாம் என்று கணக்கிட்டோம். போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுகள் ஆகும். வங்கியில் கடன் கேட்டபோது, உங்களோடு நீண்ட கால ஒப்பந்தம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். உங்கள் நிலைத்தன்மைப் பிரிவுக்கு எழுதினோம். திட்டம் அருமை என்று பாராட்டி, ஒப்பந்த விஷயத்தைக் கொள்முதல் துறைக்கு அனுப்பினார்கள். கொள்முதல் துறை, ஓராண்டுக்கு மேல் யாருக்கும் ஒப்பந்தம் தருவதில்லை என்று இரண்டே வரியில் முடித்தது. அதே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன: ஒன்று உமிழ்வைக் குறைக்கும் எங்கள் செயல்திட்டத்தைக் கேட்டது, மற்றொன்று அடுத்த காலாண்டுக்கு விலையை இன்னும் குறைக்கச் சொன்னது. இரண்டிலும் இருந்தது உங்கள் நிறுவனத்தின் முத்திரைதான். பாய்லர் இன்றும் எண்ணெயில்தான் ஓடுகிறது.

விமானச் சரக்கையும் சொல்லியாக வேண்டும். கடைசி நேரத்தில் வரைபடத்தை மாற்றுவீர்கள். தேதியை மாற்ற மாட்டீர்கள். கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் விமானம் ஏறும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல விமானம் உமிழ்வது பெரிய கொள்கலன் கப்பல் உமிழ்வதைப் போல் பல பத்து மடங்கு. ஓராண்டு முழுக்க விளக்கை அணைத்தும் மோட்டாரை மாற்றியும் நாங்கள் மிச்சப்படுத்தியதை ஒரே வாரத்தின் விமானப் பெட்டிகள் தின்றுவிட்டதை நானே கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை எடுத்தவர் உங்கள் அலுவலகத்தில் யாரிடமும் உமிழ்வுக்காக அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடுதல் செலவுக்கு மட்டும் கையெழுத்துத் தேவைப்பட்டது.

இது உங்கள் ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை என்பதை அறிவேன். 2030-க்குள், உமிழ்வதைவிட அதிகமாகக் காற்றிலிருந்து அகற்றுவோம் என்று மைக்ரோசாஃப்ட் 2020-இல் அறிவித்தது. 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் தன் மொத்த உமிழ்வு 2020-இலிருந்து சுமார் 29 சதவீதம் கூடிவிட்டதாகத் தானே சொன்னது. தரவு மையங்களைக் கட்டத் தேவைப்படும் எஃகு, கான்கிரீட், சில்லுகள் என ஸ்கோப் 3-இல்தான் ஏற்றம். கூகுள் அதே ஆண்டு அறிக்கையில், 2019-ஐவிட 48 சதவீதம் கூடி ஆண்டு உமிழ்வு 1 கோடியே 43 லட்சம் டன் ஆனதாகச் சொன்னது. இவ்விரு நிறுவனங்களிலும் நான் மதிக்கும் ஒன்று உண்டு: கூடிய எண்ணை வெளியில் வைத்தார்கள், காரணத்தையும் சொன்னார்கள். சொன்னதால்தான் யாரும் கேள்வி கேட்க முடிகிறது. நீங்கள் எடுத்திருக்கும் வழியில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகும். ஏனெனில் விகிதம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டேதான் இருக்கும்.

எண்ணெய் நிறுவனங்கள் இந்தப் பாதையில் எங்கே போய் நின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று பிபி 2020-இல் சொன்னது. 2023-இல் அது 25 சதவீதமானது. 2025-இல் எண்ணெய், எரிவாயுவில் முதலீட்டையே கூட்டப்போவதாக அறிவித்தது. ஷெல் நிறுவனம் தான் விற்கும் ஆற்றலுக்கு வைத்த முதன்மை இலக்கு தொடக்கத்திலிருந்தே விகித இலக்குதான். 2024-இல் அதையும் தளர்த்தி, 2035-க்கு வைத்திருந்த 45 சதவீத இலக்கைக் கைவிட்டது. ஒரு முறை நகர்ந்த கோடு மறுமுறை நகர்வதற்கு எத்தனை காலம் எடுக்கும்? அதுதான் என் அச்சம்.

திரும்பிப் போக முடியாதபடி மாறியவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கின் டாங் எனர்ஜி ஒரு காலத்தில் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பிய நிறுவனம். 2017-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்திப் பிரிவை விற்றது, பெயரையும் எர்ஸ்டெட் என்று மாற்றிக்கொண்டது, கடல் காற்றாலைகளில் வளர்ந்தது. 2024-இல் தன் கடைசி நிலக்கரி மின்னிலையத்தை மூடியது. விற்ற எண்ணெய்க் கிணறு வேறொருவர் கையில் தொடர்ந்து ஓடும். ஆகவே அந்த விற்பனையை நான் குறைப்பாக எண்ண மாட்டேன். மூடிய மின்னிலையத்தை எண்ணுவேன். வணிகத்தின் அடிப்பொருளையே மாற்றினால் வளர்ச்சியும் குறைப்பும் சில காலமாவது சேர்ந்து நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அடிப்பொருளைத் தொடாமல் அதே பொருளை இன்னும் அதிகமாக விற்றுக்கொண்டு, விகிதத்தை மட்டும் செதுக்கினால் நடக்காது.

நான் வளர்ச்சிக்கு எதிரி இல்லை. உங்கள் ஆர்டர் கூடினால்தான் எங்கள் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் ஓடுகிறது. அதில் என்னோடு வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். வளர்ச்சியால் வரும் பணத்தில் ஒரு பங்கை, அந்த வளர்ச்சி கிளப்பும் புகையை அடக்கச் செலவிடுங்கள் என்கிறேன். இப்போது பணம் உங்கள் பக்கமும் படிவம் எங்கள் பக்கமுமாக வந்து சேர்கின்றன.

அறிக்கையில் இன்னும் இரண்டு வழக்கங்கள் உறுத்துகின்றன. வேறெங்கோ இயங்கும் காற்றாலையின் சான்றிதழை வாங்கி, உங்கள் அலுவலகங்களின் மின்சார உமிழ்வைப் பூஜ்ஜியமாகக் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கட்டடம் இருக்கும் மின்கட்டமைப்பில் உண்மையில் எவ்வளவு புகை எழுந்தது என்ற எண்ணையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதல் கேட்கிறது. உங்கள் அறிக்கையில் அது இணைப்பின் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. மற்றொன்று, வேறொருவர் வேறெங்கோ உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளான கார்பன் வரவுகளை வாங்கி ஒரு பொருளையே கார்பன் சமநிலைப் பொருள் என்று விற்பது. வரவுகளை மட்டும் காட்டி அப்படி விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டத்தால் தடை செய்கிறது. 2026 செப்டம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது. சட்டம் இருக்கும் சந்தையில் மட்டும் லேபிளை எடுத்துவிட்டு மற்ற இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

மொத்த உமிழ்வு இலக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 2030-க்குள் பாதி என்பது இனி முடியாது என்று உண்மையிலேயே தெரிந்தால், எந்த ஆண்டில் முடியும், எதனால் தவறியது என்பதை அறிக்கையின் முன்பக்கத்தில், தலைவரின் கையெழுத்தோடு எழுதுங்கள். விகிதத்தை வெளியிடுவதானால், அதற்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில், ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டு தொடங்கி ஒவ்வோர் ஆண்டின் மொத்தத்தையும் வெளியிடுங்கள். வாங்கிய கார்பன் வரவுகளைத் தனி வரியில் காட்டுங்கள், மொத்தத்திலிருந்து கழிக்காதீர்கள்.

அளந்த எண்ணைக் கொடுக்கும் வழங்குநருக்கு அந்த எண்ணையே பயன்படுத்துங்கள். உங்கள் ஸ்கோப் 3-இல் பெரும் பங்கு வகிக்கும் வழங்குநர்களில் அளக்க வசதியில்லாதவர்களுக்கு மீட்டர் பொருத்தும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். விலைக் குறைப்பால் தாளில் தோன்றிய உமிழ்வுக் குறைவு கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்கிட்டு, திருத்திய அறிக்கையை வெளியிடுங்கள்.

உமிழ்வைக் குறைக்க இயந்திரம் மாற்ற முன்வரும் வழங்குநருக்கு, போட்ட பணம் திரும்பும் காலம் வரை நீளும் கொள்முதல் ஒப்பந்தம் கொடுங்கள். எங்களைப் பொறுத்தவரை அது ஆறு ஆண்டு. இலவசமாக எதையும் கேட்கவில்லை. ஒப்பந்தத் தாள் இருந்தால் வங்கி கடன் தரும்; அந்தப் பாய்லரை ஓராண்டுக்குள் நிறுத்திக் காட்டுகிறோம்.

விமானச் சரக்குக்கும், புதிய ஆலை, கிடங்கு, தரவு மையம் எதற்கும் ஒப்புதல் தரும் கோப்பில், செலவுக்குப் பக்கத்தில் உமிழ்வும் எழுதப்பட வேண்டும். அந்த ஆண்டின் மொத்த வரம்பை அது தாண்டுமானால், இயக்குநர் குழுவே வாக்கெடுத்து, யார் எப்படி வாக்களித்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். தலைமை அதிகாரியின் ஊக்கத்தொகையோடு கொள்முதல் தலைவரின் ஊக்கத்தொகையையும் மொத்த உமிழ்வோடு கட்டுங்கள். கொள்முதல் தலைவரை விட்டுவிட்டால் மற்றது எதுவும் எங்கள் வாசல்வரை வந்து சேராது.

காலநிலைச் சட்டங்களைத் தளர்த்தக் கோரும் தொழில் சங்கங்களில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், அவற்றின் பெயர்களையும் கட்டும் சந்தாவையும் வெளியிடுங்கள். அவர்கள் நிலையை மாற்றாவிட்டால் விலகுங்கள்.

அடுத்த பங்குதாரர் பொதுக்கூட்டத்துக்கு முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். என் எண்களில் ஐயம் இருந்தால் ஆலோசகரின் தாளை அனுப்ப வேண்டாம், ஓர் ஆளை அனுப்புங்கள். 11 ஆண்டுகளின் டீசல் கணக்கேடுகளும் மின்மீட்டர் பதிவுகளும் விமானச் சரக்கு ரசீதுகளும் எடுத்துவைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் அறையில் ஆபரேட்டர் டேங்கில் அளவுகோலை விட்டுக் காட்டுவார். வருகிறவர் அவருடைய கேள்விக்கும் பதில் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கோப் 3 பட்டியலில் ஒரு வரிசையாக இருக்கும் தொழிற்சாலையின் கணக்கு எழுதுபவர்